செரிமானத்தைக் கற்பித்த நாயும் தாமதமாக வந்த பத்தியமும்

செரிமானம் பற்றி இன்று மருத்துவப் பாடநூல்களில் உள்ள அடிப்படைச் செய்திகளில் பல, நாயின் வயிற்றைப் பார்த்து எழுதப்பட்டவை. இரைப்பை நீர் எப்போது சுரக்கிறது, கணையம் என்ன செய்கிறது, கல்லீரலில் சர்க்கரை எவ்வாறு உருவாகிறது, ஒரே பொருளை மட்டும் உண்டு உயிர் ஏன் தரிக்க முடிவதில்லை ஆகிய வினாக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்கள் நாயின் உடலைத் திறந்தே விடை கண்டன. ஆயினும் அதே நாய்க்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் எடை இழப்பும் நேரும்போது, வேறு மருந்துகளுக்கு முன் அதன் உணவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்னும் நெறி கால்நடை மருத்துவத்தில் நிலைபெற இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆயிற்று. அறிவைத் தந்த உயிரினமே அதன் பயனைக் கடைசியாகப் பெற்றது. இத்தாமதம் எவ்வாறு நேர்ந்தது என்பது விலங்கு மருத்துவ வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒரு வினா.

கொட்டில்காரர்களின் அறிவு

நாய் ஓநாயின் வழிவந்தது. ஆகவே இறைச்சி ஒன்றே அதன் இயல்புணவு என்னும் கருத்து இன்றும் பரவலாக உள்ளது. மரபணுச் சான்று இதனை அப்படியே ஏற்பதில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைச் சிதைக்கும் கணைய அமைலேஸ் நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் மட்டுமே இருப்பதையும், நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருப்பதையும் காட்டியது. வேளாண்மை ஆழமாக வேரூன்றிய நிலப்பகுதிகளின் நாய்களிடம் இப்படிகள் மிகுதி. அது பரவாத பகுதிகளின் நாய்களிடம் குறைவு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சேர்த்துரைத்தன. மனிதன் தானியத்துக்கு மாறியபோது அவனுடைய நாயின் குடலும் உடன் மாறியிருக்கிறது. நாயின் உணவு வரலாறு என்பது மனிதன் உண்டு எஞ்சியவற்றின் வரலாறும் ஆகும்.

எழுத்துச் சான்றுகளும் இதற்கு இசைகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய உரோமானியர் கொலுமெல்லா, பண்ணை நாய்க்கு வாற்கோதுமை மாவைப் பால் திரிந்த தெளிநீருடன் கலந்து தரச் சொல்கிறார். மேய்ச்சல் இல்லாத பண்ணையில் கோதுமை ரொட்டியை அவரை வெந்த நீரில் கலந்து தர வேண்டும் என்கிறார். அந்த நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் வெறி உண்டாகும் என்பது அவருடைய எச்சரிக்கை. காரணம் தவறானது. ஆனால் மென்மையான, எளிதில் செரிக்கும், மாறாத உணவு என்னும் நடைமுறை தவறானதன்று.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் பிரபு கஸ்தோன் ஃபேபு எழுதிய வேட்டை நூலிலும் இதே போக்கைக் காணலாம். நலமான வேட்டை நாய்க்குத் தவிட்டு ரொட்டி. நோயுற்ற நாய்க்கு ஆட்டுப்பால், அவரைக் கஞ்சி, நறுக்கிய இறைச்சி. நோயாளி நாய்க்கென்று உணவு தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பது இங்கு நோக்கத்தக்கது. கொட்டிலில் ஒவ்வொரு நாயையும் நாள்தோறும் பார்த்தவனே அதன் கழிவையும் அள்ளினான். எந்த நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் கோட்பாடு இல்லை; கவனிப்பு இருந்தது.

இந்திய மரபில் நிலைமை சற்று வேறு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகிறது. மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டதையும் குறிக்கிறது. யானைக்குப் பாலகாப்பியர் பெயரில் வழங்கும் ஹஸ்தியாயுர்வேதமும், குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் மரபும் அமைந்தன. யானையும் குதிரையும் படையின் உறுப்புகள். அவற்றின் நோய் அரசின் இழப்பு. கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் வேட்டை நாய்கள் இடம்பெறுகின்றன. ஆனால் அங்கு அவை அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்று. யானைக்கும் குதிரைக்கும் கிடைத்ததைப் போன்ற புகழ்பெற்ற தனி மருத்துவ நூல் நாய்க்கு அமையவில்லை.

நாட்பட்ட செரிமானக் கோளாற்றுக்கு உணவே மருந்து என்னும் கருத்து மட்டும் இந்நாட்டில் மிகப் பழமையானது. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் கிரகணி நோய்க்குத் தனி இயல் உண்டு. அந்நோய்க்கு மோர் சிறந்த உணவாகவும் மருந்தாகவும் அங்கே போற்றப்படுகிறது. ‘பத்தியம்’ என்னும் சொல்லும் இங்கு கருதத்தக்கது. வடமொழியில் வழி என்று பொருள்படும் அடியிலிருந்து பிறந்த ‘பத்ய’ என்னும் சொல், உடலின் வழிக்கு உகந்தது என்னும் கருத்தைத் தாங்கியது. தமிழில் அது இன்னும் நுட்பமாகக் கிளைத்தது. கடுமையாக விலக்குவது கடும்பத்தியம். மருந்துண்டு முடிந்த பின்னும் தொடர்வது மறுபத்தியம். எதை உண்பது என்பதோடு எதை விலக்குவது, எவ்வளவு காலம் விலக்குவது என்பதும் இச்சொல்லுக்குள் அடங்கும். மனித நோயாளிக்கு உரிய இக்கருத்து முறையான வடிவில் நாயிடம் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

ஆய்வுக்கூடத்தில் நாய்

1816இல் பாரிசில் ஃபிரான்சுவா மஜாந்தி ஒரு நாய்க்குச் சர்க்கரையும் வடிநீரும் மட்டுமே தந்தார். விலங்குடலில் உள்ள நைட்ரஜன் உணவிலிருந்து வருகிறதா, வேறெங்கிருந்தாவது வருகிறதா என்பது அவருடைய வினா. முதல் வாரம் நாய் நன்றாகவே இருந்தது. பின்னர் மெலிந்தது, விழிப்படலத்தில் புண் தோன்றியது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தது. ஆலிவ் எண்ணெய், கோந்து, வெண்ணெய் என்று நைட்ரஜன் அற்ற பிற பொருள்களைக் கொண்டும் அவர் சோதனையைத் தொடர்ந்தார். உணவின் வகைகளைப் பிரித்துணரும் நவீன ஊட்டவியலின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக இச்சோதனைகள் கருதப்படுகின்றன.

மஜாந்தியின் மாணவர் கிளோடு பெர்னார்டு, கணைய நீர் கொழுப்பின் செரிமானத்துக்கு இன்றியமையாதது என்பதை நிறுவினார். இறைச்சி மட்டும் உண்ட நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் குருதியிலும் சர்க்கரை இருப்பதைக் காட்டி, கல்லீரல் தானே சர்க்கரையை உருவாக்குகிறது என்று மெய்ப்பித்தார். 1889இல் ஸ்டிராஸ்பர்க்கில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசெஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. இன்சுலினை நோக்கிய பாதை அங்கிருந்து தொடங்குகிறது.

இவ்வரிசையின் உச்சம் இவான் பாவ்லோவ். மணியோசையும் உமிழ்நீரும் அவரை உலகறியச் செய்தன என்றாலும், 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. நாயின் இரைப்பையிலிருந்து நரம்புத் தொடர்பு அறாத சிறு பை ஒன்றைத் தனியே பிரித்தமைத்து, உணவு படாத தூய நீர் அதில் சுரப்பதை அவர் மாதக்கணக்கில் அளந்தார். ரொட்டிக்கு ஒருவிதமாகவும் இறைச்சிக்கு வேறுவிதமாகவும் பாலுக்கு மற்றொரு விதமாகவும் சுரப்பின் அளவும் வலிமையும் காலமும் மாறின. ஒவ்வோர் உணவும் செரிமான மண்டலத்திடம் வெவ்வேறு வேலை வாங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

இதன் தொடர்ச்சியாக நேர்ந்த ஒன்று, இத்தாமதத்தின் இயல்பை நன்கு காட்டுகிறது. பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் நாய்களிடமிருந்து சேகரித்த இரைப்பை நீர் தூய்மைப்படுத்தப்பட்டுக் குப்பிகளில் அடைக்கப்பட்டது. செரியாமையால் துன்புற்ற மனிதர்களுக்கு அது மருந்தாக விற்கப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குப்பிகள் விற்பனையாகி, அவ்வருவாய் ஆய்வுக்கூடத்தின் செலவைத் தாங்கியது. நாயின் செரிமானம் மனிதனின் செரியாமைக்கு மருந்தாயிற்று. 1935இல் அந்நிறுவனத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. ஜோசஃப் கோல்ட்பெர்கர் நாய்களின் ‘கருநாக்கு’ நோயை மனிதரின் பெல்லாக்ராவுக்கு ஒப்பாகக் கண்டார். 1937இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜம் நிகோடினிக் அமிலத்தால் அந்நாய்களைக் குணப்படுத்தியபோது பெல்லாக்ராவின் புதிரும் அவிழ்ந்தது. குருதி இழப்பால் சோகையுற்ற நாய்களுக்கு ஈரலை உணவாகத் தந்து ஜார்ஜ் விப்பிள் கண்ட முடிவுகள், 1934இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தன.

இவை அனைத்திலும் ஒரு பொதுமை உண்டு. நலமான நாய் அறுவையாலோ உணவுக் குறைப்பாலோ நோயுறச் செய்யப்பட்டது. அந்நோய் மனித நோயின் மாதிரியாக வாசிக்கப்பட்டது. தானாக நோயுற்று, மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கால் மெலிந்து, தன் வீட்டு முற்றத்தில் கிடந்த நாய் யாருடைய ஆய்வுப் பொருளாகவும் இல்லை. ஆய்வுக்கூடம் அறிய விரும்பியது செரிமானத்தின் பொது விதியை. நாட்பட்ட நோயோ தனி உயிருக்குத் தனி வரலாறு உடையது.

மருத்துவக் கல்லூரியும் பிஸ்கட் ஆலையும்

நோயுற்ற நாயைக் காண வேண்டியவர்கள் கால்நடை மருத்துவர்கள். அவர்களுடைய கல்வி வேறு தேவையிலிருந்து பிறந்தது. 1761இல் லியோனில் குளோடு பூர்ஷ்லா நிறுவிய முதல் கால்நடை மருத்துவப் பள்ளியின் கவனம் குதிரையிலும் மாட்டைக் கொல்லும் கொள்ளைநோயிலும் இருந்தது. இந்தியாவில் 1889இல் புனேயில் தொடங்கி, 1893இல் முக்தேஷ்வருக்கு மாறிய பேரரசின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் முதன்மையாக எதிர்கொண்டதும் மாட்டுக் கொள்ளைநோயையே. அதுவே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. உழவும் போக்குவரத்தும் படையும் எந்த விலங்கை நம்பியிருந்தனவோ, அதுவே மருத்துவத்தின் முதல் நோயாளி. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

விதிவிலக்குகள் இருந்தன. இங்கிலாந்தில் டெலபியர் பிளெயின் 1817இல் நாய் நோயியல் பற்றித் தனி நூல் வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய வில்லியம் யூவட் 1845இல் நாயைப் பற்றி விரிவான நூலைத் தந்தார். ஆனால் அக்கால மருத்துவத்தின் கைக்கருவிகள் பெரும்பாலும் பேதி மருந்தும் புழு மருந்துமே. குடலைச் சுத்தம் செய்வது மருத்துவமாகக் கருதப்பட்ட காலத்தில், ஏற்கெனவே கழிந்துகொண்டிருந்த நாய்க்கு மேலும் பேதி தரப்பட்டது.

இதற்கிடையே நாயின் உணவு கொட்டிலிலிருந்து ஆலைக்கு நகர்ந்தது. அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட், கப்பல் மாலுமிகளின் காய்ந்த பிஸ்கட்டைத் துறைமுக நாய்கள் தின்பதைக் கண்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. 1860களில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, இறைச்சி ஆகியவற்றைக் கொண்டு அவர் தயாரித்த நாய் பிஸ்கட் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1920களில் குதிரை இறைச்சி தகர டப்பாக்களில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது உலர் உணவு மேலோங்கியது. 1957இல் மாவை அழுத்தத்தில் வேகவைத்துப் பிதுக்கும் முறையில் தயாரான குருணை உணவு சந்தைக்கு வந்து, இன்றைய வடிவம் நிலைபெற்றது.

ஆலை உணவின் நன்மை மறுக்கத்தக்கதன்று. எஞ்சிய சோற்றிலும் எலும்பிலும் கிடைக்காத கனிமங்களும் வைட்டமின்களும் அதில் அளவோடு சேர்க்கப்பட்டன. சத்துக்குறை நோய்கள் குறைந்தன. ஆயினும் எல்லா நாய்க்கும் எல்லா நாளும் ஒரே உணவு என்னும் கொள்கை இரண்டு விளைவுகளைத் தந்தது. உணவு பற்றிய முடிவு, நாயை அன்றாடம் பார்ப்பவர் கையிலிருந்து பொட்டலத்துக்கு மாறியது. மேலும், ஒரே குருணைக்குள் கோழி, மாடு, சோயா, கோதுமை, சோளம் எனப் பல புரதங்கள் ஒன்றுகலந்தன. அவற்றுள் எது ஒரு நாயின் குடலுக்கு ஒவ்வாதது என்று பிரித்தறிய வழியில்லாமற்போயிற்று.

ஒரு வழிகாட்டி நாய்

உணவை மருந்தாக மீட்ட முதல் பெரும் முயற்சி சிறுநீரக நோயிலிருந்து வந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சிறு விலங்குகளுக்கான மருத்துவமனை நடத்திவந்த மார்க் மோரிஸ் என்னும் கால்நடை மருத்துவரிடம், பார்வையற்றவரான மோரிஸ் ஃபிராங்க் தம் வழிகாட்டி நாயை அழைத்துவந்தார். பட்டி என்னும் அந்நாய்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. புரதமும் உப்பும் குறைத்த தனி உணவை மோரிஸ் வகுத்தார், நாய் தேறியது. பயணத்தில் இருப்பவருக்கு அவ்வுணவு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக மோரிசும் அவர் மனைவியும் அதைத் தம் சமையலறையிலேயே கண்ணாடிச் சாடிகளில் அடைத்தனர். அஞ்சலில் சாடிகள் உடைந்தன. தகர டப்பாவுக்கு மாறினர். 1948இல் கன்சாஸ் மாநிலத்தின் ஹில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, மருத்துவர் பரிந்துரையின்பேரில் தரப்படும் உணவு என்னும் புதிய வகை பிறந்தது. குடல் நோய்க்கான உணவும் பின்னர் அவ்வரிசையில் சேர்ந்தது.

மோரிசின் பணி ஒரு பழைய அறிவுக்கு அளவும் சேர்க்கையும் தந்தது. ஆனால் அதன் பொருள் இன்னும் ‘நோய்க்கேற்ற உணவு’ என்பதாகவே இருந்தது. மருத்துவர் நோயை முதலில் பெயரிட வேண்டும். பின்பு அதற்குரிய டப்பாவைத் தர வேண்டும். நாட்பட்ட குடல் நோயில் சிக்கலே பெயரிடுவதில் இருந்தது.

அதே காலத்தில் மருத்துவம் வேறு திசையில் விரைந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெருகின. 1960 வாக்கில் மனித மருத்துவத்துக்கு வந்த மெட்ரோனிடசோல் நாயின் வயிற்றுப்போக்குக்கும் வழக்கமான மருந்தாயிற்று. ஓரிரு நாளில் கழிச்சல் நிற்கும். உணவு மாற்றத்துக்கு வாரங்கள் வேண்டும்; வீட்டில் உள்ள அனைவரின் ஒத்துழைப்பும் வேண்டும். விரைவு வென்றது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியபோது மீண்டும் மருந்தே தரப்பட்டது.

உள்நோக்கிக் கருவி நாய் மருத்துவத்திலும் பரவியபோது குடல் திசுவை எடுத்துப் பார்க்க முடிந்தது. இனி நோய் தெளிவாகப் பெயர் பெறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நுண்ணோக்கியில் அழற்சி தெரிந்தது. ஆனால் அவ்வழற்சி உணவால் தணியுமா, ஸ்டீராய்டு தேவைப்படுமா என்பதைத் திசு சொல்லவில்லை. இருவகை நோயிலும் திசுவின் தோற்றம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது.

திரும்பிய அறிவு

திருப்பம் தனித்தனி இனங்களை உற்றுநோக்கியதில் தொடங்கியது. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் கணையத்தின் நொதிச் சுரப்பிகள் அழியும் பரம்பரை நோய் அறியப்பட்டது. உண்ட உணவு செரியாமல் வெளியேற, பெரும்பசியோடு நாய் எலும்பும் தோலுமாகும். பெர்னார்டு கண்ட கணைய நீரின் பணி இங்கே மருத்துவமாயிற்று. உணவில் நொதிப் பொடியையோ, நறுக்கிய மாட்டுக் கணையத்தையோ கலந்து தந்தால் பெரும்பாலான நாய்கள் தேறின. ஒரு நூற்றாண்டுக்கு முன் நாயிடம் பெற்ற அறிவு நாயிடமே திரும்பியது.

மற்றொன்று ஐரிஷ் செட்டர். நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையை விலக்கினால் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறுவதையும், மீண்டும் தந்தால் நோய் திரும்புவதையும் இரண்டாம் உலகப்போரின் பஞ்ச ஆண்டுகளை ஒட்டி உறுதிப்படுத்தினார். இங்கிலாந்தின் லிவர்பூலில் ரோஜர் பாட், எட்வர்டு ஹால் முதலியோர் 1980கள் தொட்டு ஐரிஷ் செட்டர் நாய்களின் ஒரு குடல் நோயை ஆராய்ந்தனர். கோதுமையின் குளூட்டன் நீங்கிய உணவில் குடலுறிஞ்சிகள் சீரடைந்தன; மீண்டும் தந்தபோது சிதைந்தன. இங்கே மனிதக் குழந்தையிடம் கற்ற முறை நாய்க்கு உதவியது. இரு நூற்றாண்டாக ஒரு திசையில் ஓடிய கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் ஓடத் தொடங்கியது.

இவற்றின் தொடர்ச்சியாக நாட்பட்ட குடல் நோய்க்குப் புதிய வகைப்பாடு உருவாயிற்று. மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, ஒட்டுண்ணி, கணையக் குறை, கல்லீரல் நோய், அட்ரினல் சுரப்பிக் குறை, புற்று ஆகியவை இல்லையென்று உறுதியான பின், நோயை அது எதற்குத் தணிகிறது என்பதைக் கொண்டு பெயரிட்டனர். உணவுக்குத் தணிவது, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்குத் தணிவது, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துக்குத் தணிவது என்பன அவ்வகைகள். திசு சொல்லாததை உணவு சொன்னது. உணவு மருந்தாக மட்டுமன்றி நோயறியும் கருவியாகவும் ஆயிற்று.

சோதனை எளியது, கடைப்பிடிப்பது அரிது. நாய் இதுவரை உண்ணாத ஒரே புரதமும் ஒரே மாவுப்பொருளும் கொண்ட உணவு, அல்லது புரதம் மிகச் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட உணவு தெரிந்தெடுக்கப்படும். உடைந்த புரதத்தை உடலின் காவல் அமைப்பு எளிதில் அடையாளம் காண்பதில்லை. இவ்வுத்தியும் பாலொவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்காக 1940களில் வந்த உணவிலிருந்து கிடைத்ததே. இரண்டு வாரங்களுக்கு அவ்வுணவன்றி வேறொன்றும் வாயில் படலாகாது: பிஸ்கட் இல்லை, பால் இல்லை, விருந்தினர் கைத்துண்டு இல்லை. குடல் நோயில் பெரும்பாலும் இவ்விரு வாரங்களுக்குள் மாற்றம் தெரிந்துவிடும். பின்பு பழைய உணவை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றவாளியைக் காணலாம். கடும்பத்தியம், மறுபத்தியம் என்னும் சொற்களை அறிந்தவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது.

70 நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவை உணவு மாற்றத்தால் மட்டுமே தேறின. அவை பெரும்பாலும் இளைய நாய்கள். பின்னர் பழைய உணவுக்குத் திரும்பியபோதும் அவற்றுள் பலவற்றுக்கு நோய் மீளவில்லை. ஆகவே எல்லாம் ஒவ்வாமை என்று கொள்வதற்கில்லை. குடலுக்குக் கிடைத்த ஓய்வே போதுமானதாக இருந்திருக்கலாம். மறுபுறம், 2020இல் வெளியான ஆய்வொன்று, நலமான நாய்களுக்கு இரு வாரம் மெட்ரோனிடசோல் தந்தபோது குடல் நுண்ணுயிர்களின் அமைப்பு குலைந்ததையும், மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பின்னும் அது முழுமையாக மீளாததையும் பதிவு செய்தது.

உணவின் எல்லையும் கூறப்பட வேண்டும். குருதியிலுள்ள புரதம் குடல்வழி கசியும் நோயில் கொழுப்பு மிகக் குறைந்த உணவு பெருந்துணை. எனினும் எல்லா நாய்க்கும் அது ஒன்றே போதாது. உணவுக்குத் தணியாத அழற்சிக்கு மருந்து வேண்டும். வைட்டமின் பி12 குறைந்திருந்தால் அதைத் தனியே ஈடுசெய்ய வேண்டும். குருதி கலந்த கழிச்சலும் தொடர்ந்த எடை இழப்பும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய்கள் அல்ல.

இந்திய வீட்டின் தட்டு

இவ்வரலாறு இந்தியாவுக்கு இன்று ஏன் தேவை? இந்திய நகரங்களில் நாய் வளர்ப்பு பெருகியுள்ளது. தெருநாய்க்குப் பாலும் பிஸ்கட்டும் வைப்பது எங்கும் காணும் அன்பு. வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. பாலே வயிற்றுப்போக்குக்குக் காரணமாகலாம். குழம்புச் சோற்றின் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வயிறு கெட்டதும் மருந்துக் கடையிலிருந்து மெட்ரோனிடசோல் வந்துவிடுகிறது. நோய் திரும்புகிறது; மருந்தும் திரும்புகிறது. நுண்ணுயிர்கள் மருந்துக்கு மசியாமற்போவது மனிதருக்கும் பேராபத்தாக வளர்ந்துள்ள நாட்டில், இது ஒரு நாயின் வயிற்றோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

வீட்டுணவே சிறந்தது என்னும் எதிர்முனையும் பிழையானதே. குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் சில நாளைக்கு நல்ல பத்தியம். மாதக்கணக்கில் அதுவே உணவானால் சுண்ணாம்புச்சத்து முதல் பலவும் குறையும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டபோது, அவற்றுள் 95 விழுக்காடு ஏதேனும் ஒரு இன்றியமையாச் சத்தேனும் குறைந்தவையாக இருந்தன. பரிந்துரை உணவுகள் பல வீடுகளுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. இங்கு கிடைக்கும் ஒற்றைப் புரதமும் அரிசியும் கொண்டு சோதனையை நடத்தி, நோய் தணிந்த பின் அதை ஊட்டவியல் அறிந்தவரைக் கொண்டு நிறைவு செய்வதே இந்நாட்டுச் சூழலுக்கு ஏற்ற வழி. அதற்கு இந்திய வீட்டுணவை அடிப்படையாகக் கொண்ட, அளவுகள் கணக்கிடப்பட்ட உணவுத் திட்டங்கள் இந்திய மொழிகளில் வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஊட்டவியல் துறைகளுக்கும் மொழித்துறைகளுக்கும் இது கூட்டுப்பணி ஆகலாம்.

தாமதத்தின் காரணங்கள் இப்போது தெளிவு. யானைக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் இருந்த பொருளியல் மதிப்பு நாய்க்கு இல்லை. ஆய்வுக்கூடம் அதன் உறுப்பைக் கண்டது, நோயைக் காணவில்லை. ஆலை அதன் உணவை ஒன்றாக்கியது. மருந்து அதன் கழிச்சலை விரைந்து நிறுத்தியது. ஒவ்வொன்றும் தன்னளவில் பயனுடையதே. ஆனால் ஒவ்வொரு படியிலும், நாள்தோறும் நாயைப் பார்ப்பவரின் கவனிப்பு மருத்துவ அறிவிலிருந்து விலகிக்கொண்டே வந்தது. புதிய நெறி அக்கவனிப்பை மீண்டும் உள்ளே அழைத்திருக்கிறது. இரு வாரப் பத்தியச் சோதனையை நடத்துபவர் மருத்துவர் அல்லர். வீட்டில் தட்டு வைப்பவர். நாட்பட்ட வயிற்று நோயோடு நாய் வரும்போது, என்ன மருந்து தந்தீர்கள் என்று கேட்பதற்கு முன் என்ன உண்கிறது, எவ்வளவு காலமாக உண்கிறது, வீட்டில் வேறு யார் அதற்கு என்ன தருகிறார்கள் என்று கேட்பதற்கு மருத்துவம் இவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது.